பழைய காரின் அலுமினியப் பாகங்களைத் துலக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. 1098 சிசி, அப்பா காலத்துக் கார். வீடு மட்டக்களப்புக் கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, ஆகவே பொனட்டைத் திறந்தால் அலுமினியம் எல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டது மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும், தொட்டால் விரலில் மாவு ஒட்டும். இதைத் துலக்கிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவர இரண்டு கிழமை போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். நாலரை மாதம் இழுத்தது. இரண்டு பாகம் நாசம், 41,000 ரூபாய் செலவு, அதில் பாதிக்கு மேல் என்னுடைய அவசரத்துக்குக் கட்டிய தண்டம்.

எஞ்சினைப் பிரிக்காமல் வீட்டு முற்றத்தில் கழற்றித் துலக்கக்கூடிய வெளிப்பாகங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மைனரை வைத்துச் சொன்னாலும் மினி, ஒஸ்டின் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

1. காந்தத்தை எடுங்கள், வேறொன்றையும் எடுக்க வேண்டாம்

வெள்ளையாக மின்னுவதெல்லாம் அலுமினியம் இல்லை. ஒரு காந்தத்தை ஒவ்வொரு பாகத்திலும் ஒட்டிப் பாருங்கள். மைனரின் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ரொக்கர் மூடி தகரம், கம்பனியிலேயே பச்சை பெயின்ற் அடித்து வந்தது. அந்த மூடியை அலுமினியம் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேய்த்து, மழைக்காலத்தில் கறள் பிடிக்கவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். (சரி, அது என் மச்சான்தான்.) காபரேட்டரின் மேலே மணி மாதிரி நிற்கும் டாஷ்பொட், தெர்மோஸ்டாட் மூடி, டைனமோவின் இரு முனை மூடிகள், டிஸ்ட்ரிபியூட்டர் உடல், கியர்பொக்ஸ் கூடு, இவைதான் அலுமினியம்.

காந்தம் ஒட்டாததிலும் இரண்டு மாறுவேடக்காரர் உண்டு. ஒன்று நாகக் கலப்பு வார்ப்பு: சில காபரேட்டர் உடல்களும் சிறு மூடிகளும் இதில் செய்தவை. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும், அமிலம் பட்டால் உடனே கறுத்து அரிக்கும். மற்றது மக்னீசியம், முக்கியமாக வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதன் கிராங்க் கேஸ் மக்னீசியக் கலப்பு. சந்தேகம் என்றால் தெரியாத ஒரு மூலையில் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். மக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் பேசாமல் இருக்கும். மக்னீசியத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

2. கழற்றுமுன் படமும் கடதாசியும்

இதை யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பணமும் தலையிடியும் இங்கேதான் மிச்சம். பதிவுப் புத்தகத்தை எடுத்து அதில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப் பாருங்கள். மைனரில் எஞ்சின் இலக்கம், டைனமோவுக்கு மேலே பிளாக்கில் அறைந்திருக்கும் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். டைனமோவைக் கழற்றும் வேகத்தில் வயர் பிரஷ்ஷால் அதையும் சேர்த்துத் தேய்த்துவிடாதீர்கள். பீட்டிலிலும் மோட்டார் சைக்கிள்களிலும் இன்னும் ஆபத்து, அங்கே இலக்கத்தைக் கேசிலேயே பொறித்திருப்பார்கள். சாண்ட் பேப்பர் போட்டு மழித்துவிட்டால், நாளைக்குக் காரை விற்கப் போய்ப் பெயர் மாற்றும்போது இலக்கம் எங்கே என்று கேட்பார்கள், நீங்கள் பளபளப்பைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். இலக்கத்தின் மேல் மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. இலக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்தும் வையுங்கள்.

வருட லைசன் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். லைசன் எடுக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும், காபரேட்டர் மேசையில் கழன்று கிடக்கையில் புகைப் பரிசோதனைக்கு எதைக் கொண்டுபோவது? நான் லைசன் முடிய மூன்று கிழமை இருக்கும்போது கழற்றினேன். அப்புறம் தண்டப் பணமும் கட்டி, ஆறு கிழமை காரை வெளியே எடுக்காமலும் இருந்தேன். லைசன் புதுப்பித்த அடுத்த கிழமை தொடங்குவதுதான் சரி.

படம் எடுக்கும்போது கழற்றுவதற்கு முன் ஒன்று, பாதியில் ஒன்று, கழற்றிய பின் ஒன்று. நட், வாஷர் எல்லாம் தனித்தனிப் பொலித்தீன் பையில், மேலே பெயர் எழுதி. வெற்று யோகட் கோப்பைகளில் போட்டு வைத்தேன், பூனை ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது.

3. இறுகிப்போன தெர்மோஸ்டாட் மூடி

என் முதல் பாகம் போனது இங்கே. மைனர், மினி எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடி மூன்று இரும்பு ஸ்டட்டுகளில் (தலையில்லாத போல்ட்டுகள்) உட்கார்ந்திருக்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் அரிபடும், அரிபட்டு வரும் அந்த வெள்ளைத் தூள் பருத்து ஸ்டட்டைச் சிறைப்பிடித்துவிடும். நட் மூன்றும் சுலபமாகக் கழலும், அதைப் பார்த்து ஏமாறுவீர்கள். மூடி அசையாது. நான் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன், ஒரு காது கையோடு வந்தது.

நட்டுகளைக் கழற்றிவிட்டு ஊடுருவும் எண்ணெயை ஸ்டட்டைச் சுற்றிக் காலை மாலை விடுங்கள், நாலு நாள். பிறகு ஹீட் கன்னால் மூடியைச் சூடாக்குங்கள், நெருப்பு வேண்டாம், பக்கத்தில் பெற்றோல் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்ல மெல்லத் தட்டுங்கள், மேல்நோக்கி நெம்ப வேண்டாம். ஆடத் தொடங்கியதும் ஆட்டி ஆட்டி எடுக்கலாம். எனக்கு இரண்டாவது தடவை, அதாவது நண்பரின் மினியில், ஐந்தாம் நாள் கழன்றது. எஞ்சின் சூடாக இருக்கையில் இதைச் செய்ய நினைக்காதீர்கள், உள்ளே கொதிக்கும் தண்ணீர் இருக்கிறது.

உடைந்துவிட்டால் கவலை வேண்டாம், புதிது இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள். தபாலில் எடுப்பித்தால் விலைச்சீட்டை அச்செடுத்து வைத்திருங்கள், பொதியைத் தீர்வைக்கு நிறுத்தினால் அதைத்தான் கேட்பார்கள். எனக்கு வந்துசேர ஐந்து கிழமை.

4. எண்ணெய் கழுவுதல், இங்கேதான் பலர் தோற்கிறார்கள்

எண்ணெய்ப் பிசுக்கு போகுமுன் பேப்பர் போட்டால் அழுக்கை அலுமினியத்துக்குள்ளேயே தேய்த்து ஏற்றுகிறீர்கள். முதலில் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும். பிறகு சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மறுபடி. முன்னைய சொந்தக்காரர் சில்வர் பெயின்ற் அடித்திருந்தால் தின்னரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணித்தியாலம் வையுங்கள், உரிந்து வரும்.

வேகமாகப் போகும் என்று யார் சொன்னாலும் கோஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள். நான் டைனமோவின் முனை மூடியை அதில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் மூடி கரிச்சட்டி நிறத்தில், விளிம்பெல்லாம் தின்னப்பட்டு, பேரிங் இருக்கும் குழி தளர்ந்துபோய். கோஸ்டிக் எண்ணெயோடு அலுமினியத்தையும் கரைக்கும், கரைக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது எரியக்கூடியது. அடைப்பு எடுக்கும் தூள், போறணை (oven) துப்புரவாக்கும் நுரை இரண்டிலும் இருப்பது அநேகமாக இதே சரக்குத்தான். அடுப்புச் சாம்பலும் காரம். “தும்பும் சாம்பலும் போட்டுத் தேய் மனே, சட்டி மாதிரி வரும்” என்று பெரியம்மா சொன்னதைக் கேட்டுத் தேய்த்ததில் டாஷ்பொட்டின் ஒரு பக்கம் மங்கிப்போனது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான், கழிவறைக்கு ஊற்றும் அமிலம் அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கும்.

லொறிச் சில்லுக்கு அடிக்கும் அலுமினியம் பிரைட்னர் என்று லேபல் இல்லாத கானில் விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் உடனே வலிக்காது, உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். பளபளப்புக்காகக் கையை இழக்க வேண்டியதில்லை.

5. வெள்ளைப் பூப்பை எடுப்பது

பலசரக்குக் கடையில் கிடைக்கும் சிற்றிக் அமிலம், ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். பாகத்தை அதில் 10 நிமிடம், கூடினால் 15 நிமிடம் வைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். இரும்பு வயர் பிரஷ் வேண்டாம். அது தன் துகள்களை அலுமினியத்தில் குத்திவிட்டுப் போகும், அடுத்த மாரியில் அந்த இடமெல்லாம் செம்புள்ளி. எடுத்தவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அலசுங்கள்.

அலசும் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் கிணறு சவர். முதல் தடவை அதில்தான் அலசிக் காயவைத்தேன், மூன்றாம் நாள் மறுபடி பூத்துவிட்டது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர்! அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகும், அதை உடைப்பதே உப்பில் உள்ள குளோரைட்தான். இப்போது குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் அலசி, கடைசியாக பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரை மேலே ஊற்றுகிறேன். ஒரு போத்தல் ஐந்தாறு சிறு பாகத்துக்குப் போதும். பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் நல்லது. அலசியவுடன் ஹீட் கன்னாலோ வெயிலிலோ காயவையுங்கள், ஈரத்தோடு இரவு விடாதீர்கள்.

6. மணல் அடிக்கக் கொடுப்பதா?

கியர்பொக்ஸ் கூடு போலப் பள்ளமும் விலாவும் உள்ள பாகத்தைக் கையால் தேய்த்து முடிக்க முடியாது என்பது உண்மை. கிளட்ச் வேலைக்கு இறக்கியபோது கியர்பொக்ஸின் பின்கூட்டை ஒரு வேலைத்தளத்துக்குக் கொடுத்தேன். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் அதே பருமணலை அதே காற்றழுத்தத்தில் அடித்துத் தந்தார்கள். சொரசொரவென்று சீமெந்துச் சுவர் மாதிரி வந்தது, கேஸ்கட் உட்காரும் முகமும் சேர்ந்து. அந்த முகத்தை லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு துளைகளுக்குள் மணல். மூன்று நாள் பின்னேரம் முழுக்க அதைக் கழுவி எடுத்தேன், ஒரு பருக்கை மிஞ்சினாலும் பேரிங் கதை முடிந்தது.

கொடுப்பதென்றால் கண்ணாடி மணி (பொடிப்பொடியான கண்ணாடி உருண்டை) அடிப்பவர்களிடம் கொடுங்கள், அதிலும் தண்ணீரோடு சேர்த்து அடிக்கும் முறை கிடைத்தால் அதுதான் உச்சம், வார்ப்பிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தது போன்ற மங்கல் வெள்ளி நிறம் வரும். நான் கேட்டவரை இங்கே அது இல்லை, கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். இரவு பஸ்ஸில் அனுப்புவதென்றால் பாகங்களின் எண்ணிக்கையும் படமும் உள்ள ஒரு கடதாசியில் வாங்கியவரின் கையெழுத்து எடுங்கள். எனக்கு ஒரு சிறு பித்தளை பிளக் திரும்பி வரவில்லை, கடதாசி இல்லாததால் வாதாடவும் முடியவில்லை. கேஸ்கட் முகங்களை டேப்பால் மூடி, மரையுள்ள துளைகளில் பழைய போல்ட்டைப் பூட்டி, எண்ணெய்த் துளைகளை ரப்பரால் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் கடற்கரை மணலை எடுத்து நீங்களே அடிக்கலாம் என்ற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், அந்தத் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

7. எவ்வளவு பளபளப்பு வேண்டும்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரி மினுக்குவது இந்த ஊருக்குச் சரிவராது. கம்பனியிலிருந்து வந்தபோதே இந்தப் பாகங்கள் கண்ணாடியாக இருக்கவில்லை. கல்லடியில் மினுக்கிய முகம் இரண்டு மாதத்தில் மங்கும், மங்கல் முடிப்போ வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். மங்கலுக்குச் சாம்பல் நிற ஸ்கொட்ச் பிரைட்டை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரே திசையில் தேய்த்தாலே முடிந்தது, ஒரு பாகத்துக்கு அரை மணித்தியாலம்.

இல்லை, எனக்கு முகம் தெரியத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: வோட்டர் பேப்பர் 320, 400, 600, 800, 1000, 1500 என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் முந்திய கோட்டுக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். முந்திய கோடு முழுதாக மறையும்வரை அடுத்த பேப்பரைத் தொடாதீர்கள். 600இல் பொறுமை இழந்து 1500க்குப் பாய்ந்தால் மினுக்கிய பிறகு அந்தக் கோடுகள் வெயிலில் ஒவ்வொன்றாக எழும்பி நின்று சிரிக்கும், திரும்ப 400இலிருந்து. பிறகு துணிச் சில்லில் கபில நிற மினுக்கும் கட்டி, அதன்பின் வேறொரு சில்லில் வெள்ளைக் கட்டி. ஒரே சில்லில் இரண்டையும் போடாதீர்கள். ட்ரில்லில் பூட்டி மினுக்கும்போது பாகம் சூடேறினால் நிறுத்துங்கள். மாஸ்க் கட்டாயம். இரும்பு அரைத்த பொறி பறக்கும் இடத்தில் அலுமினியத் தூளைச் சேரவிடாதீர்கள், அதுவும் பற்றும்.

கேஸ்கட் முகங்களை விரலால் பேப்பர் பிடித்துத் தேய்க்காதீர்கள், விளிம்பு உருண்டு தண்ணீர் ஒழுகும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 320 பேப்பரை விரித்து, பாகத்தை அதன் மேல் வைத்து எட்டுப் போடுவது போல நாலு சுற்று. அவ்வளவுதான்.

8. டாஷ்பொட்டுக்குத் தனிக் கவனம்

எஸ்.யூ. காபரேட்டரின் டாஷ்பொட் வெளியே என்ன செய்தாலும் தாங்கும், உள்ளே ஒன்றும் தாங்காது. அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் சுவரைத் தொடாமல், ஆனால் மயிரிழை இடைவெளியில் ஓட வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பிஸ்டனையும் அதனதன் டாஷ்பொட்டுக்கே பொருத்தி விற்றார்கள், இரட்டைக் காபரேட்டர் வண்டியில் மாற்றிப் பூட்டினால் வேலை செய்யாது. உட்சுவரைப் பெற்றோல் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள், பேப்பரோ மினுக்கும் பசையோ கூடாது. கழற்றுமுன் டாஷ்பொட்டிலும் உடலிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டால் திரும்ப அதே நிலையில் பூட்டலாம். பிஸ்டனின் அடியில் இருக்கும் ஊசியை வளைத்துவிடாமல் ஒரு கோப்பையின் வாயில் நிறுத்தி வையுங்கள்.

வெளியே மினுக்கும்போது உள்ளே பசை போகாதிருக்க ஒரு துணியை இறுக்கித் திணியுங்கள். பூட்டியபின் விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். சீராக இறங்கி அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். எனக்கு முதல் தடவை அந்தச் சத்தம் வரவில்லை, பாதியில் நின்றது, ஒரு நூலளவு பசை உள்ளே உலர்ந்திருந்தது. மேல் மூடியைத் திறந்து 20 தர மெல்லிய எண்ணெய் விட மறக்க வேண்டாம்.

9. பூச்சு போடலாமா

தெளிந்த லாக்கர் அடிக்கச் சொல்வார்கள். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் உள்ள பாகங்களில் அது மஞ்சளாகும், ஒரு சிறு கீறல் விழுந்தால் உப்பு அதன் அடியால் புகுந்து புழு ஓடியது போலக் கோடு கோடாக அரிக்கும், பிறகு அதை உரிப்பது தனி வேலை. நான் லாக்கரை விட்டுவிட்டுக் கார்னூபா மெழுகு பூசுகிறேன். கைக்கு எட்டாத கியர்பொக்ஸ் கூட்டுக்கு மட்டும் டபிள்யூடி 40 நனைத்த துணி.

லாக்கர்தான் வேண்டுமென்றால் மாரி தொடங்குமுன் அடியுங்கள், வாடைக் காற்றில் ஈரம் உள்ளே மாட்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்கள் (தின்கிற கச்சான் இல்லை!) பாகம் காயவைக்க அருமை, ஆனால் தூசியும் வரும், ஆகவே விடியற்காலையில் காற்று எழும்புமுன் அடித்துவிடுங்கள்.

10. செலவும் நாளும்

பேப்பர், பிரஷ், சிற்றிக், மண்ணெண்ணெய், மெழுகு எல்லாம் சேர்த்து எனக்கு 9,000 ரூபாய்க்குள். துணிச் சில்லும் கட்டிகளும் இன்னொரு 6,000, மங்கல் முடிப்போடு நிறுத்தினால் இது வேண்டாம். மிச்சம் 26,000மும் உடைந்த மூடி, கெட்ட டைனமோ மூடி, மணல் அடித்தது, லேத்தில் சீவியது. நேரம் என்றால், தெர்மோஸ்டாட் மூடி கழற்ற ஒரு கிழமை, கழுவிப் பூப்பு எடுக்க இரண்டு சனி ஞாயிறு, துலக்க இன்னும் இரண்டு. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள், ஒன்றை முடித்துப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது.

11. திரும்பப் பூட்டும்போது

ஸ்டட்டிலும் போல்ட்டிலும் இறுகாமல் தடுக்கும் கிரீஸ் பூசியே பூட்டுங்கள், அடுத்த தடவை கழற்றப் போவதும் நீங்கள்தானே. கேஸ்கட் எல்லாம் புதிது. அலுமினியத்தில் மரை தேய்ந்திருந்தால் பெரிய போல்ட்டைத் திணிக்காமல் லேத்தில் கொடுத்து ஹெலிகொயில் (புது மரையாக உள்ளே இறங்கும் கம்பிச் சுருள்) போடுவியுங்கள். காபரேட்டரைக் கழற்றியிருந்தால் ட்யூன் பண்ணியபின் ஒரு கிழமை ஓட்டிவிட்டுத்தான் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பிறகு மாதம் ஒருமுறை, மாரியில் இரண்டுமுறை, பொனட்டைத் திறந்து குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்ததும் மெழுகுத் துணியால் ஒரு இழுப்பு. எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். தெர்மோஸ்டாட் மூடியின் கடலைப் பார்த்த பக்கம்தான் எப்போதும் முதலில் பூக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.